கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிக்கூடம்

கொள்ளிடத்துக்கு வடக்கே, முன்னர்த் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகளாயிருந்து பின்னர்த் தனி மாவட்டங்களாகப் பிரிந்தவை பெரம்பலூரும் அரியலூரும். பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டில் பிரிந்தது. அரியலூர் 2001-ஆம் ஆண்டில் ஒருமுறை பிரிந்து, மறு ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் சேர்ந்து, 2007-ஆம் ஆண்டில் முடிவாகத் தனியாயிற்று. இரண்டும் வானம் பார்த்த பூமி மிகுந்த நாடுகள். மேற்கே பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும், கிழக்கே ஜெயங்கொண்டம் ஆண்டிமடம் பக்கங்களில் முந்திரியும் விளைகின்றன. அரியலூரைச் சூழ்ந்து சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் உள்ளன. உள்ளூரில் வேலை போதாதவர்கள் சென்னைப் பட்டணம் சென்று, மூட்டை சுமந்தும் கடைகளில் நின்றும் பிழைத்து, பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீடு திரும்புவது நெடுநாள் வழக்கம்.

2020-ஆம் ஆண்டில் அவர்கள் திருவிழாவுக்கு முன்பே திரும்பினார்கள். அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேட்டு அங்காடியில் கொரோனா நோய் பரவியது கண்டு, மே 5-ஆம் நாள் அதனை மூடினர். அங்கே காய்கறி மூட்டை சுமந்தோர் பலர், கிடைத்த வாகனத்தில் ஏறிச் சொந்த ஊர் வந்து சேர்ந்தனர். அதுவரை சிற்சில நோயாளரையே கண்டிருந்த அரியலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு நோய் உறுதியாயிற்று. பெரம்பலூரிலும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் இதே காரணத்தால் எண்ணிக்கை திடுமென ஏறிற்று. அரியலூரில் அப்போது அரசினர் மருத்துவக் கல்லூரியும் இல்லை; அது 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலேதான் திறக்கப்பெற்றது. நோய் பட்டணத்துக்குரியது, ஒதுக்குப்புறத்துச் சிற்றூரை நாடாது என்று எண்ணியிருந்த எண்ணம் ஒரு வாரத்தில் பொய்யாயிற்று.

நம் கலாசாலையில் இவ்விரு மாவட்டங்களினின்றும் வந்து பயிலும் மாணவர் பலர். அவருள் ஒரு சாரார் நாளை அவ்வூர்ப் பள்ளிகளிலேயே உபாத்தியாயராய் அமர்வர். இன்னொரு கொள்ளைநோய் வருமானால், அன்று வகுப்பறையின் கதவைத் திறப்பதா சார்த்துவதா, எந்தப் பிள்ளையை உள்ளே விடுவது, எவனை வீட்டுக்கு அனுப்புவது என்னும் கேள்விகள் அவர்முன் வந்து நிற்கும். ஆகலின், பள்ளிப் பிள்ளைகளை நோயினின்று காப்பது எங்ஙனம் என்பதை, சென்ற கொள்ளைநோயில் கண்டவற்றைக் கொண்டே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இக்கேள்விக்குப் பலரும் உடனே கூறும் விடை ஒன்றுண்டு: பள்ளியை மூடிவிடுக என்பது. தமிழ்நாட்டில் நாம் அவ்வாறே செய்தோம். 2020 மார்ச்சு 17-ஆம் நாள் முதல் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளித் தள்ளி வைக்கப்பட்டு, ஜூன் 9-ஆம் நாள் கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் கொண்டு எல்லாரும் தேறினர். 2021 ஜனவரி 19-ஆம் நாள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர்க்கு மட்டும், அறைக்கு 25 பேர் என்னும் வரையறையுடன் பள்ளி திறந்தது. பிப்ரவரி 8-ஆம் நாள் ஒன்பது, பதினொன்றாம் வகுப்பினரும் வந்தனர். இரண்டாம் அலை எழவே, மார்ச்சு மாதத்தில் மீண்டும் கதவு சார்த்தப்பட்டது. மேல்வகுப்பினர்க்கு 2021 செப்டம்பர் 1-ஆம் நாளும், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள சிறுவர்க்கு நவம்பர் 1-ஆம் நாளும் பள்ளி திறந்தது. 2022 ஜனவரியில் மூன்றாம் அலைக்காக ஒருமுறை மூடிப் பிப்ரவரி 1-ஆம் நாள் திறந்ததோடு அவ்வரலாறு முடிந்தது.

இந்நாட்களை வெறும் கணக்காகப் படித்துச் செல்லலாகாது. மூடுவதற்கு முன் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த ஒரு சிறுமியை நினைத்துப் பார்க்கவேண்டும். அவள் மீண்டும் பள்ளிப் படியேறியபோது மூன்றாம் வகுப்பினள். இடையில் பத்தொன்பது மாதங்களுக்கு மேல் கழிந்தன. இரண்டாம் வகுப்பு என்பது அவள் வாழ்வில் பதிவேட்டில் மட்டும் நடந்தது. அரசினர் கல்வித் தொலைக்காட்சி வாயிலாகப் பாடங்களை ஒளிபரப்பினர். தனியார் பள்ளிகள் கைப்பேசி வாயிலாக நடத்தின. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதனையும் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்வாராயின், பிள்ளைக்குப் பாடம் ஏது? பகலெல்லாம் பருத்தி எடுக்கவும் வெங்காயம் அரியவும் தாயுடன் சென்ற பிள்ளைக்குத் தொலைக்காட்சியின் நேரம் எங்ஙனம் ஒத்துவரும்? பதினாறு வயது நிரம்பாத பெண்களுக்கு அரவமின்றி மணம் முடித்த செய்திகள் அந்நாளில் தமிழ்நாட்டின் பல பகுதிகளினின்றும் வந்தன. பள்ளிக்கூடம் பாடம் சொல்லும் இடம் மட்டும் அன்று. ஏழைப் பெண்ணுக்கு அது ஒரு வேலியுமாகும். நண்பகல் உணவு அங்கேதான் கிடைத்தது. மூடிய காலத்தில் அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கு வழங்கப்பட்டன என்பது மெய். ஆயினும் வீட்டுப் பானையில் இட்ட அரிசி வீட்டார் எல்லார்க்குமாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வாறு கூறுவதால், மூடியதே தவறென்று நாம் சாதிப்பதாகக் கொள்ளற்க. 2020 மார்ச்சில் அந்நோயின் இயல்பை ஒருவரும் அறிந்திலர், தடுப்பூசியும் இல்லை. பிள்ளைகளை அது பெரும்பாலும் மெல்லத் தொட்டுச் செல்லினும், பிள்ளை வாயிலாக வீட்டுத் திண்ணையிலிருக்கும் பாட்டனையும் பாட்டியையும் அடைந்து அவர்களைக் கொண்டுபோகும். இரண்டாம் அலையில், 2021 மே 21-ஆம் நாள் ஒன்றில் மட்டும் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்குப் புதிதாக நோய் கண்டது. பெற்றோர் இருவரையும் அந்நோய்க்குப் பறிகொடுத்த பிள்ளையின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பு வைக்க அரசினர் அம்மாதமே ஆணையிட நேர்ந்தது. அத்தகைய வேளையில் கதவைச் சார்த்தியது முறையே. நாம் கூறுவது இதுதான்: மூடுதல் வலிய மருந்து, நஞ்சும் கலந்த மருந்து. வைத்தியன் அதனைச் சில நாள் கொடுப்பானேயன்றி, ஆண்டுக்கணக்காய்க் கொடுத்து வாளா இரான். அதைக் கொடுக்கும் நாட்களிலேயே, மூடாமல் காக்கும் வழியை ஆயத்தம் செய்துகொள்ளவேண்டும்.

அவ்வழி புதியதன்று. 1918-ஆம் ஆண்டில் இன்புளூயன்சா என்னும் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஐக்கிய அமெரிக்க நாட்டின் நகரங்களுட் பெரும்பாலானவை அப்போது பள்ளிகளை மூடின. செயின்ட் லூயிஸ் நகரம் பள்ளி, நாடகசாலை, ஆலயம் அனைத்தையும் விரைந்து மூடி, மரண எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது. நியூயார்க்கு நகரமோ பள்ளிகளைத் திறந்தே வைத்தது. அந்நகரச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் ராயல் கோப்லண்டு என்பார் கூறிய காரணம் நம்மவர் கருதத்தக்கது. நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேருள் முக்கால் பங்கினர், காற்றும் வெளிச்சமும் நுழையாத நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்களை நாள்முழுவதும் அங்கே அடைத்துவைப்பதினும், அகன்ற பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் கண்பார்வையில் வைத்திருப்பது மேல் என்று அவர் கருதினார். பிள்ளைகள் தெருவில் கூடி நில்லாமல் நேரே வகுப்புக்கு வரவேண்டும். உபாத்தியாயர் நாள்தோறும் ஒவ்வொரு பிள்ளையையும் நோக்கவேண்டும். ஐயத்துக்கிடமானவனைத் தனியே வைத்து வைத்தியருக்குக் காட்டவேண்டும் என்பன அங்கு விதிகள். பள்ளியைத் திறந்துவைத்தல் என்பது அங்கே ஒன்றும் செய்யாதிருத்தல் அன்று என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அங்கு ஒவ்வொரு காலையும் வேலை நிறைய இருந்தது.

இனி நோய் செல்லும் வழியை அறிதல் வேண்டும். வழி தெரியாதவன் எல்லா வாயில்களுக்கும் காவல் வைத்துக் களைத்துப்போவான். தொடக்கத்தில் நாம் எல்லாரும் அப்படியே களைத்தோம். மேசைகளைத் துடைத்தோம், தெருவில் மருந்து தெளித்தோம், காய்கறியையும் கழுவி உலர்த்தினோம். காற்று வழியாக இந்நோய் பரவாது என்று 2020 மார்ச்சில் உரைத்த உலக சுகாதார நிறுவனமே, 2021-ஆம் ஆண்டில் அது காற்றில் மிதக்கும் நுண்துளிகளாற் பரவுவதை ஒப்புக்கொண்டது. இந்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே 20-ஆம் நாள் வெளியிட்ட அறிவுரை இதனைத் தெளிவாகச் சொல்லிற்று: பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் பெருந்துளிகள் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகளோ பத்து மீட்டர் வரையும் காற்றோடு செல்லக்கூடும். ஆதலால் சாளரங்களைத் திறந்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள் என்பது அதன் சாரம்.

கை கழுவுதல் வீணென்று இதனாற் பெறப்படாது. சவர்க்காரம் இந்தக் கிருமியின் கொழுப்புறையைக் கரைத்து அதனைச் செயலறச் செய்யும். வயிற்றுப்போக்கையும் குடற்புழுவையும் தடுக்கும். பள்ளியில் நீர்க்குழாயும் சவர்க்காரமும் எக்காலத்தும் வேண்டப்படுவனவே. குவளையில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கமும் நன்று. ஆயினும் கையைக் கழுவிவிட்டுச் சாளரத்தைச் சார்த்தி உட்கார்ந்தால், முன்வாயிலைப் பூட்டிப் புழக்கடையைத் திறந்துவிட்டவன் கதையாகும்.

காற்றின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். இருபதடி நீளமும் இருபதடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்க. அதன் கொள்ளளவு 4,000 கன அடி. ஏறத்தாழ 1,13,000 லிட்டர் காற்று. அதில் 40 பிள்ளைகள் அமர்ந்திருப்பதாகவும், ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு ஐந்தில் ஒரு லிட்டர் அளவு கரியமில வாயுவை வெளிவிடுவதாகவும் கொள்வோம். நிமிடத்துக்கு 8 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 480 லிட்டர். வெளிக் காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 420 பங்கு உள்ள அவ்வாயு, அறை முற்றும் மூடியிருந்தால், ஒரு மணி நேரத்தில் 4,600 பங்குக்கு மேலாகும். அஃதாவது பத்து மடங்குக்கும் அதிகம். கரியமில வாயு நோயைத் தருவதன்று. ஆனால் அது பிறர் நெஞ்சிலிருந்து வந்த காற்று எவ்வளவு நம் நெஞ்சினுட் போகின்றது என்பதற்கு ஓர் அளவுகோல். நண்பகலில் வகுப்பு முழுவதும் கொட்டாவி விட்டால் உபாத்தியாயர் பாடத்தைக் குறைகூறுவதற்கு முன் சாளரத்தை நோக்குவது நல்லது. அவ்வளவைக் காட்டும் சிறு கருவிகள் இந்நாளில் கிடைக்கின்றன. ஒரு பள்ளிக்கு ஒன்று இருந்து, அறை அறையாக எடுத்துச் சென்று பார்த்தாலும் போதும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு நல்ல பௌதிகப் பாடமாகும்.

ஒரு பக்கத்துச் சாளரம் மட்டும் திறந்திருப்பதிற் பயன் சிறிதே. எதிரெதிர்ச் சாளரங்கள் திறந்திருந்தாலன்றிக் காற்று அறையை ஊடுருவிச் செல்லாது. ஆனி ஆடி மாதங்களில் இந்தப் பக்கத்தில் மேல்காற்று வலிந்து வீசும். அப்போது மேற்கும் கிழக்கும் திறந்த அறையில் புத்தகத் தாள் நில்லாமற் பறக்கும். பிள்ளைகளும் உபாத்தியாயரும் அதனை வெறுத்துக் கதவைச் சார்த்துவது இயல்பு. புத்தகத்தின்மேல் ஒரு கல்லை வைத்தல் அதனினும் எளிது. ஐப்பசி கார்த்திகையில் நிலைமை வேறு. அடைமழைக்கு அஞ்சி எல்லாச் சாளரங்களும் மூடப்படும். காய்ச்சலும் சளியும் மிகுவதும் அப்பருவத்திலேதான். சாளரத்துக்கு மேலே இரண்டடி நீட்டிய தகரச் சாய்ப்பு ஒன்று இருந்தால் மழையிலும் அதனைத் திறந்துவைக்கலாம். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதியால் சாலையோரத்துப் பள்ளிகள் சாளரத்தைச் சார்த்த நேர்ந்தால், எதிர்ப்புறத்துச் சாளரத்தைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைச் சுவரிற் பொருத்துதல் வேண்டும். கூரையிலே தொங்கும் விசிறி, உள்ளேயுள்ள காற்றையே சுழற்றுமன்றி வெளியேற்றாது. மூடிய அறையில் அது ஒருவன் மூச்சை எல்லார்க்கும் பங்கிட்டுக் கொடுக்கும்.

கூரையே இல்லாத வகுப்புக்கு இக்கவலை இல்லை. நம் முன்னோர் திண்ணையிலும் மரத்தடியிலும் மணலில் எழுதிப் படித்தனர். அக்கல்வியைப் பல குறைகள் பற்றிக் கைவிட்டோம், கைவிட்டது சரியே. ஆனால் காற்றையும் சேர்த்துக் கைவிட்டோம். மேல்நாட்டார் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோய்க்கு அஞ்சித் திறந்தவெளிப் பள்ளிகளை வலிந்து அமைத்தனர். ஜெர்மனியில் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் 1904-ஆம் ஆண்டு, மெலிந்த பிள்ளைகளுக்காகக் காட்டினிடையே ஒரு பள்ளி தொடங்கிற்று. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் 1908-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக் கடுங்குளிரில் பிள்ளைகளைக் கம்பளிப் பைகளினுள் அமர்த்தி, பெருஞ்சாளரங்களைத் திறந்துவைத்துப் பாடம் நடத்தினர். பனியிலே அவர்கள் செய்தது வேம்பும் புளியும் புங்கும் நிழல் தரும் நம் பள்ளி முற்றத்தில் இயலாததன்று. கரும்பலகை வேண்டாத பாடங்களை, குறிப்பாக வாய்விட்டுச் சொல்லும் பாடங்களை, காலை வேளையில் அங்கு நடத்தலாம்.

வாய்விட்டுச் சொல்லுதல் என்றதில் ஒரு காரணமுண்டு. உரக்கப் பேசுவோரும் பாடுவோரும் வெளிவிடும் நுண்துளிகள் மெல்லப் பேசுவோர் விடுவனவற்றினும் மிகப் பல. 2020 மார்ச்சு 10-ஆம் நாள் அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து ஸ்காஜிட் என்னும் கோட்டத்தில் ஒரு பாடகர் குழு கூடிப் பயிற்சி செய்தது. வந்தவர் 61 பேர். அவருள் ஒருவர்க்கு நோய்க்குறி இருந்தது. இரண்டரை மணி நேரம் பாடிக் கலைந்தனர். பின்னர் எண்ணியபோது, அவரையும் உள்ளிட்டு 53 பேர்க்கு நோய் கண்டது அல்லது கண்டதெனக் கருதப்பட்டது, இருவர் இறந்தனர். நம் தொடக்கப்பள்ளிகளில் ஒருவன் முன்நின்று கூற நாற்பது பேர் ஒரே குரலாய் வாய்பாடு ஒப்புவிக்கும் ஓசை தெருக்கோடி வரையிற் கேட்கும். அந்த ஓசை நமக்கு இனியது. அதை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. நோய்க்காலத்தில் அதனை மரத்தடிக்கு மாற்றிவிட்டால் அமையும். கலாசாலைகளிற் பாட்டுக் குழு நடத்துவோரும் இதனை மனங்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தபின், இனி அச்சமில்லை என்று இருக்கலாமோ எனின், ஆகாது. கலிபோர்னியா மாகாணத்தில் மாரின் என்னும் கோட்டத்தில் 2021 மே மாதம் ஒரு தொடக்கப்பள்ளியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அவ்வகுப்பில் கதவும் சாளரமும் திறந்திருந்தன. காற்றைத் தூய்மையாக்கும் கருவியும் இருந்தது. பிள்ளைகள் ஆறடி இடைவெளியில் முகக்கவசத்தோடு அமர்ந்தனர். ஆசிரியர் ஒருவர், தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர், மூக்கடைப்பும் சோர்வும் கண்டபோது, இது வழக்கமான ஒவ்வாமையே என்று எண்ணி இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார். சிற்சில வேளை முகக்கவசத்தை விலக்கிப் பாடம் உரக்க வாசித்தார். 24 பிள்ளைகளில் 12 பேர்க்கு நோய் தொற்றியது. முன்னிரண்டு வரிசையில் இருந்த 10 பேரில் 8 பேர். பின்வரிசைகளில் இருந்த 14 பேரில் 4 பேர். திறந்த சாளரம் பின்வரிசையினரைப் பெரிதும் காத்திருத்தல் கூடும். வாய்க்கு நேரே இருந்தவரைக் காக்கவில்லை. அன்று அந்த ஆசிரியர் வீட்டில் இருந்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

ஆகவே காற்றுக்கு அடுத்தபடியாக, எம் கருத்தில் அதனினும் அரிதாக, வேண்டப்படுவது நோயுற்றவர் வீட்டில் தங்குதல். இதில் நம்மவர்க்குப் பழைய பயிற்சி உண்டு. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவர். அதனைக் கண்டவர் உள்ளே புகார். அவ்வீட்டார் பிறர் வீடு செல்லார். பிள்ளை பள்ளிக்கு வாராது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இந்த ஒழுங்கு நிற்கும். இதனைப் பக்தி என்று ஒருவர் கூறலாம், மூடநம்பிக்கை என்று மற்றொருவர் கூறலாம்; ஆணை பிறப்பிக்க அதிகாரி ஒருவரும் இல்லாமலே ஊர் முழுதும் கைக்கொண்ட தனிமைப்படுத்தல் அது என்பதை இருவரும் மறுக்கமாட்டார். அம்மையைக் கண்டு விலகிய அதே ஊர், காய்ச்சலும் இருமலும் கண்ட பிள்ளையை ஒரு மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகின்றது. காரணம் என்ன?

காரணங்களுள் ஒன்று பள்ளியிலேயே உள்ளது. ஒருநாளும் தவறாமல் வந்த மாணாக்கனுக்குப் பரிசளிக்கும் வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் உண்டு. ஆண்டு விழாவில் கைதட்டலோடு அது வழங்கப்படும். ஒழுங்கை வளர்க்கவே அது தோன்றிற்று, ஐயமில்லை. ஆயினும் கொள்ளைநோய் ஆண்டில் அப்பரிசு யாருக்குச் செல்கின்றது? ஒருவேளை, நூறு டிகிரிக் காய்ச்சலோடு வந்து பெஞ்சில் இருந்தவனுக்கே செல்லும். 2020-ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலும் வருகைக்கு நூற்றுக்கு இருபது பங்கு ஒதுக்கப்பட்டது. தேர்வு நடத்த இயலாத நிலையில் வேறு வழி காண்பது அரிதுதான். எனினும், நோயாய்க் கிடந்த நாட்களை வாராத நாட்களோடு ஒன்றாக எண்ணும் எந்தக் கணக்கும், அடுத்த முறை பிள்ளையை நோயோடு பள்ளிக்கு ஓட்டும். வருகைப் பதிவேட்டில் நோய்க்கெனத் தனிக் குறியீடு ஒன்று இட்டு, அந்நாட்களைக் குறைவாக எண்ணாது விடுதல் வேண்டும். அதற்கு வைத்தியர் சான்று கேட்பதும் பிழை. இருபது மைல் பஸ்ஸில் சென்று, ஒரு நாட்கூலியை இழந்து, சளிக்குச் சான்று வாங்கிவரும் தாய் எங்குமிரார். வாங்கச் சென்றாலோ நோயைப் பஸ்ஸிலும் பரப்புவர். தாயின் வாய்ச்சொல்லே போதும்.

மற்றைக் காரணம் வீட்டிலுள்ளது. தாயும் தந்தையும் காட்டு வேலைக்குச் செல்ல, காய்ச்சற் பிள்ளையைப் பார்ப்பவர் யார்? பாட்டி இருப்பார். ஆனால் நோய் யாரை அடையலாகாதென்று இத்துணையும் பேசினோமோ, அவரிடமே பிள்ளையை ஒப்படைத்தல் ஆகுமா? இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வில்லை. பாட்டிக்குத் தடுப்பூசி முதலில் போடுவதும், பிள்ளை உள்ளறையில் அன்றித் திண்ணையிற் படுப்பதும், இருவரும் முகக்கவசம் அணிவதும் ஆன அளவே செய்யத்தக்கன.

முகக்கவசத்தைப் பற்றி மிகுதியாகப் பேசவேண்டுவதில்லை. மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூடுவதாயின் அது பயன்படும். தாடையிலே தொங்குவதாயின் பயனில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாமென்றும், பன்னிரண்டு வயதினர் பெரியோரைப் போல் அணியலாமென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறிற்று. எல்லாரும் ஒருங்கே அதனைக் கழற்றும் வேளை உணவு வேளை. ஆதலின் நண்பகல் உணவை ஒரே கூடத்தில் நெருக்கி அமர்த்தி வழங்குதலை விட்டு, வகுப்பு வகுப்பாக, தாழ்வாரத்திலும் முற்றத்திலும் பரவலாக அமர்த்தல் வேண்டும். காலைச் சிற்றுண்டியும் 2022-ஆம் ஆண்டு முதல் சேர்ந்துள்ளமையால் இது நாளுக்கு இருமுறை நினைக்கவேண்டியதாயிற்று. தடுப்பூசியோ பள்ளியிலேயே போடத்தக்கது. 2022 ஜனவரி 3-ஆம் நாள் பதினைந்து வயது முதலானோர்க்கும், மார்ச்சு 16-ஆம் நாள் பன்னிரண்டு வயது முதலானோர்க்கும் அது தொடங்கியபோது, வகுப்பே வரிசையாகிப் பள்ளியே மருத்துவசாலையாயிற்று. கதவு மூடியிருந்தால் அந்த வரிசையை எங்கே நிறுத்துவது?

இறுதியாக ஒரு நடைமுறைத் தடையைச் சொல்லவேண்டும். நோயுற்ற உபாத்தியாயர் வீட்டில் இருக்கட்டும் என்று எழுதுவது எளிது. இவ்விரு மாவட்டங்களின் சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளிலும் உபாத்தியாயர் இருவரே உள்ள பள்ளிகள் உண்டு. ஒருவர் தங்கினால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஓர் அறையில் நெருக்கி உட்காரவைப்பார். விலக்க எண்ணிய நெருக்கம் அங்கே தானே வந்துவிடும். இதனை அறிந்த உபாத்தியாயர் இருமிக்கொண்டே வருவார். அவரைக் குறைகூறுவது எங்ஙனம்? 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அந்தந்த ஊரிலேயே படித்த பெண்கள் மாலைதோறும் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். பிள்ளைகளின் பெயரும் வீடும் அவர்கள் அறிந்தவை. அத்தகையோர் இருவர் மூவர் பெயரைப் பள்ளித் தலைமையாசிரியர் முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, உபாத்தியாயர் நோயாய்க் கிடக்கும் ஐந்தாறு நாட்களுக்கு அவர்களை அழைத்து, நாட்சம்பளமும் கொடுக்க ஒன்றியக் கல்வி அலுவலகம் இடம் தருமாயின், இரண்டாம் அறையின் கதவும் சாளரமும் அந்நாட்களிலும் திறந்திருக்கும். அப்பெண்கள் வீடு திரும்பும் வழியில், காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளையின் வாயிலில் நின்று, அன்றைய பாடம் எழுதிய தாளைத் திண்ணையில் வைத்துச் செல்லலாம்.